கீழே கிடக்கும் குஞ்சுக்குத் தாய் உண்டு

சித்திரை, வைகாசியில் தெருவில் போகிறவர் தலையில் காகம் பாய்ந்து அடித்தால், சனி பிடித்துவிட்டது என்று எள் விளக்கு ஏற்ற ஓடுவோர் இன்றும் உண்டு. அடி வாங்கிய இடத்தின் வேலியோரம், மரத்தடியைக் கொஞ்சம் பார்த்தால் காரணம் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். கூட்டைவிட்டு இறங்கிய குஞ்சு ஒன்று அங்கே தத்திக்கொண்டிருக்கும். காகத்துக்கு நம் ஜாதகத்தில் அக்கறையில்லை. அதன் பிள்ளைக்குப் பக்கத்தில் போய்விட்டோம், அவ்வளவுதான்.

அதே குஞ்சைத்தான் இன்னொருவர் "பாவம், அநாதை" என்று வீட்டுக்குத் தூக்கிப் போகிறார். தரையில் கிடந்தால் தாயில்லை என்ற இந்த நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் அதிகக் கேடு செய்வது. கொண்டைக்குருவிக் குஞ்சு பொரித்த 12 நாள் வாக்கில், ஒழுங்காகப் பறக்கத் தெரியும் முன்பே கூட்டைவிட்டு வந்துவிடும். உடம்பெல்லாம் இறகு, குட்டை வால், தத்தல் நடை என்றிருந்தால் அது பறக்கப் பழகுகிறது. பெற்றோர் அருகில்தான் இருக்கும். நாம் நிற்கும்வரை இரையோடு இறங்காது. பூனை, நாய் பயமிருந்தால் பக்கத்துச் செடியில் ஏற்றிவிட்டு, தள்ளிப்போய் ஓரிரு மணி நேரம் கவனித்தால் போதும்.

"கை பட்டால் தாய் சேர்க்காதே?" சேர்க்கும். சேர்க்காது என்பதை மறுப்பவர்கள் பறவைக்கு மோப்பமே கிடையாது என்பார்கள், அதுவும் தப்பு. கிவிப் பறவை மண்ணுக்குள் இருக்கும் புழுவை மோப்பம் பிடித்து எடுக்கிறது. தாய் திரும்புவதற்குக் காரணம் வேறு. முட்டையிட்டு, அடைகாத்து, நாள் முழுக்க இரை சுமந்து வளர்த்த குஞ்சை நம் கை வாடைக்காக அது விட்டுவிடாது. ஆகவே இறகு முளைக்காத குஞ்சு விழுந்திருந்தால் எடுத்துக் கூட்டிலேயே வைக்கலாம். கூடு கலைந்திருந்தால் தண்ணீர் தேங்காத சிறு கூடையில் அந்தக் கூட்டு நாரையே பரப்பி, அதே மரத்தில் கட்டிவிடலாம்.

விதிவிலக்கு உழவாரன். பனையோலையிலும் கோபுரத்திலும் கூடு வைக்கும் இந்தப் பறவை தரையில் இறங்கி ஊட்டாது. அதன் குஞ்சு கீழே கிடந்தால் உதவி தேவைதான்.

குஞ்சைக் கண்டதும் பாலைச் சொட்டுச் சொட்டாக விடுவது நம் வீட்டு வழக்கம். பறவை பாலூட்டி அல்ல. பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்க அதற்கு வழியில்லை, வயிறு போகும். புறா பால் கொடுக்கிறதே என்றால், அது தொண்டைப்பையின் உட்சுவரிலிருந்து வரும் கூழ். பசும்பாலோடு அதற்கு ஒரு சம்பந்தமும் இல்லை. தண்ணீர் ஊற்றுவது இன்னும் ஆபத்து. மூச்சுக்குழலின் வாய் நாக்கின் பின்னாலேயே திறப்பதால், ஊற்றும் நீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடலாம். குஞ்சுக்கு வேண்டிய ஈரம் இரையிலேயே இருக்கிறது. சோறும் உதவாது. தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்குப் பெரும்பாலும் புழு பூச்சிதான் ஊட்டுகிறது.

உண்மையிலேயே தாயற்ற குஞ்சுக்கு முதலில் வேண்டியது தீனி அல்ல, சூடு. இறகில்லாத குஞ்சால் உடல் சூட்டைத் தானே காக்க முடியாது. குளிர்ந்த உடம்பில் போன உணவு செரிக்காது. காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டி, பழைய துணி, துணி சுற்றிய வெந்நீர் பாட்டில், இருட்டு, அமைதி. மருத்துவரிடம் சேர்க்கும்வரை இவை போதும். பூனை வாயிலிருந்து மீட்டதென்றால் கீறல்கூடத் தெரியாவிட்டாலும் அன்றே காட்ட வேண்டும். பூனையின் எச்சிலிலுள்ள கிருமி பறவையைச் சீக்கிரம் கொன்றுவிடும். சென்னையில் என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது; மற்ற ஊர்களில் கால்நடை மருத்துவமனையோடு வனத்துறைக்கும் தகவல் சொல்லலாம்.

கிளிக் குஞ்சு என்றால் மட்டும் திருப்பிக் கொடுக்க யாருக்கும் மனம் வருவதில்லை. "காப்பாற்றியது நான், வளர்ப்பதில் என்ன தப்பு?" என்கிறார்கள். நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள்; மனிதக் கையில் தனியாக வளர்ந்த கிளிக்குத் தன் இனத்தோடு சேரவும் தெரியாது, பூனையைக் கண்டால் பறக்கவும் தோன்றாது.