அலாய் வீலுக்கு ஆசிட் வேண்டாம்

கேள்வி: கார் வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. முன் அலாய் வீல்களில் மட்டும் பழுப்பும் கறுப்புமாக ஒரு படலம் படிகிறது. ஷாம்பு போட்டாலும் போகவில்லை. வாட்டர் வாஷ் கடையில் ஏதோ திரவத்தைத் தெளித்தார்கள். உடனே பளிச்சென்று ஆகிவிட்டது. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் ஆங்காங்கே வெளுத்து மங்கியிருக்கிறது. வீட்டில் புளி போட்டுத் தேய்க்கச் சொல்கிறார்கள். தேய்க்கலாமா?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: புளியைக் குழம்புக்கே வைத்துக்கொள்ளுங்கள். குத்துவிளக்கில் புளி வேலை செய்கிறதென்றால், அங்கே அது நேராகப் பித்தளையில் படுகிறது. உங்கள் அலாய் வீலில் விரல் படுவது உலோகத்தின் மேல் அல்ல. அலுமினியத்தோடு ஏறக்குறைய 7 சதவீதம் சிலிக்கானும் துளி மெக்னீசியமும் சேர்த்து வார்த்த சக்கரம் அது. அதன் மேல் அடிப்பூச்சு, பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். நீங்கள் கழுவுவது அந்தக் கிளியர் கோட்டைத்தான். பாத்திரம் விளக்குகிற ஸ்டீல் நார், பச்சை நார், சபீனா எதுவும் அதன் பக்கம் போகக் கூடாது.

அந்தப் பழுப்புப் படலம் பிரேக் தூள். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்வதால் முன் பிரேக்குக்குத்தான் வேலை அதிகம். பேடும் வார்ப்பிரும்பு டிஸ்க்கும் உரசித் தேய, சூடான இரும்புத் துகள்கள் தெறித்துக் கிளியர் கோட்டில் ஒட்டிக்கொள்கின்றன. ஈரம் பட்டதும் துருப்பிடிக்கின்றன. கடற்காற்றும் உப்பளமும் சூழ்ந்த உங்கள் ஊரில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். பின்னால் டிரம் பிரேக் உள்ள கார் என்றால், அங்கே தூளில் பெரும்பகுதி டிரம்முக்குள்ளேயே தங்கிவிடும். அதனால்தான் பின் வீல் சுத்தமாகத் தெரிகிறது.

கடையில் தெளித்தது வீரியமான ஆசிடாகத்தான் இருக்க வேண்டும். வீல் கிளீனர்களில் சிலவற்றில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமோ அமோனியம் பைஃப்ளூரைடோ உண்டு. துருவை நொடியில் கரைக்கும். கிளியர் கோட்டையும் மங்கவைக்கும். கல் பட்டுப் பெயர்ந்த இடம் இருந்தால் உள்ளே புகுந்து அலுமினியத்தையே அரிக்கும். வீலை விட எனக்குக் கவலை, வெறுங்கையோடு அதைத் தேய்க்கிற பையனைப் பற்றித்தான். நீர்த்த ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் பட்டவுடன் எரியாமலும் இருக்கலாம். தோலுக்குள் இறங்கி உடம்பிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். லேபிள் இல்லாத கேனைக் கையில் எடுத்தால், 'வேண்டாம் தம்பி, ஷாம்பு போதும்' என்று சொல்லிவிடுங்கள். காஸ்டிக் சோடா கலந்த கிளீனரும் ஆகாது, அதுவும் அலுமினியத்தைத் தின்னும்.

சரி, எப்படிக் கழுவுவது? வண்டி ஓடி வந்தவுடனே வேண்டாம். வீலில் கை வைத்தால் சூடு தெரியக் கூடாது. நிழலில் நிறுத்தி, முதலில் தண்ணீர் அடித்து மண்ணை இறக்குங்கள். பிறகு கார் ஷாம்பு, மிருதுவான பிரஷ். வீலுக்குத் தனி வாளி, தனித் துணி வையுங்கள். அந்தத் துணியில் ஏறிய இரும்புத் தூள் கதவில் பட்டால் கீறல்தான். பாடிக்கு முன்பே வீல்களை முடித்துவிடுவது நல்லது. ஷாம்புவுக்கு அசையாத பழுப்புக்கு, ஆசிட் இல்லாத 'அயர்ன் ரிமூவர்' வாங்குங்கள். இரும்பு இருக்கும் இடத்தில் திரவம் ஊதா நிறமாக மாறி வழியும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், பயப்பட வேண்டாம். கையுறை போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வீலாகத் தெளித்து, காய்வதற்கு முன் கழுவிவிடுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும்.

போர்வெல் தண்ணீர் என்றால் அப்படியே காயவிடாதீர்கள், உப்புப் புள்ளி நின்றுவிடும். மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிட்டு, தெருவில் மெதுவாக ஓட்டி நாலைந்து முறை பிரேக் பிடித்தால் டிஸ்க் உலர்ந்துவிடும். பிரஷர் கன்னை ரிம்மின் உள்பக்கம் நெருக்கிப் பிடிக்க வேண்டாம். பேலன்சிங்குக்கு ஒட்டிய வெயிட் பெயர்ந்தால் வேகமெடுக்கும்போது ஸ்டியரிங் ஆடும்.

மங்கிய இடத்தைக் கையால் மெல்லிய பாலிஷ் போட்டுப் பாருங்கள். மேலோட்டமான மங்கலென்றால் தெளியும். வெள்ளையாகப் பூத்திருந்தால் பாலிஷுக்கு அடங்காது, டயரைக் கழற்றிப் பெயின்ட்தான் அடிக்க வேண்டும். அதன் பிறகு காப்புக்கு வீல் வேக்ஸ், இரண்டு மூன்று மாதம் தாங்கும். செராமிக் கோட்டிங் அதைவிட நெடுநாள் நிற்கும், கடலோரத்தில் செலவு நியாயம்தான். ஆனால் மங்கிய வீலின் மேல் அதைப் பூசிவிட்டால் மங்கலைத்தான் பாதுகாப்பீர்கள்.

கேள்வி: ஆயுத பூஜைக்கு வீலில் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். கெடுதலா?
- வாசகி, மதுரை

பதில்: தாராளமாக வையுங்கள். காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டாமல், மறுநாள் நனைத்து ஊறவிட்டுத் துடையுங்கள். எலுமிச்சை டயருக்கு அடியில்தானே நசுங்குகிறது, வீலுக்கு ஒன்றும் ஆகாது.

கேள்வி: என் டயமண்ட் கட் வீலில், வார்னிஷுக்கு அடியில் வெள்ளைப் புழு நெளிவதுபோல் கோடுகள். என்ன இது?
- வாசகர், கோவை

பதில்: அரிப்பு. டயமண்ட் கட்டில் முகப்பை லேத்தில் சீவி, அந்தப் பளபளக்கும் வெறும் அலுமினியத்தின் மேல் கிளியர் கோட் மட்டும் அடிக்கிறார்கள். நடைபாதைக் கல்லில் ஓர் உரசல் போதும், அந்த ஓட்டை வழியாக ஈரம் உள்ளே ஊர்ந்துவிடும். வெளியே எதைப் பூசியும் பயனில்லை. மறுபடி லேத்தில் சீவலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் உலோகம் குறைவதால் அதை ஒன்றிரண்டு முறைக்கு மேல் செய்யக் கூடாது. நானாக இருந்தால் முழு வீலையும் ஒரே நிறத்தில் பெயின்ட் அடித்துவிடுவேன். அழகு கொஞ்சம் குறையும், தொல்லை நிறையக் குறையும். பழைய பூச்சை எடுக்க வீலை நெருப்பில் காட்டுகிற கடைக்குப் போகாதீர்கள். அளவு மீறிய சூட்டில் அலுமினியம் உறுதி இழக்கும். திரும்ப மாட்டும்போது நட்டுகளை, காரின் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சில் முடுக்கச் சொல்லுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை சரிபாருங்கள்.