சால்மன் தூண்டிலுக்கு ஐந்து ஈக்கள் போதும்

கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் அட்லாண்டிக் சால்மன், ஆற்றுக்குள் நுழைந்தபின் இரை தின்பதில்லை. ஆனாலும் மயிரும் இறகும் கட்டிய கொக்கியைச் சில வேளைகளில் பாய்ந்து கவ்வுகிறது. சீற்றமா, பழைய பழக்கமா என்று யாரும் அறுதியிட்டுச் சொன்னதில்லை. அதனால்தான் இந்தச் செயற்கை ஈக்கள் ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டன. டே, ட்வீட், ஸ்பே, டீ போன்ற ஸ்காட்லாந்து ஆறுகளுக்கு முதல்முறை போகிறவருக்கு அத்தனையும் தேவையில்லை.

செய்ய வேண்டியவை

• வகையைக் குறைத்து அளவுகளைக் கூட்டுங்கள். இதுதான் முதன்மையானது. கலங்கிய, பழுப்பேறிய நீருக்குக் கறுப்பு, ஆரஞ்சு, மஞ்சள் மயிர் கலந்த வில்லி கன். தெளிந்த கோடை நீருக்குக் கறுப்பான ஸ்டோட்ஸ் டெயில். இலையுதிர்காலத்துக்கு ஆரஞ்சு நிற அல்லீஸ் ஷ்ரிம்ப். எந்தப் பருவத்துக்கும் கேஸ்கேட். வேகமாக இழுத்துப் பார்க்க, நீண்ட கறுப்பு வால் போன்ற சன்ரே ஷேடோ. சன்ரே தவிர மற்றவற்றை மூன்று அளவுகளில் வாங்குங்கள். கொக்கியின் எண் கூடினால் ஈ சிறியது. கோடைக்கு 8 முதல் 12 வரை சரி.

• தெர்மாமீட்டர் ஒன்று வைத்திருங்கள். நீர் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் பெரிய ஈ, ஆழத்தில். அதற்கு மேல் சிறிய ஈ, மேல்மட்டத்தில். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் டீ ஆற்றங்கரையின் கெய்ர்ன்டனில் மீன்பிடித்த ஏ.எச்.இ. வுட், பெரும்பாலும் புளூ சார்ம், சில்வர் புளூ என்ற இரண்டே ஈக்களை நம்பினார். நிறத்தைவிட அளவையே அவர் பெரிதாக நினைத்தார். அவர் பிடித்த மீன்களின் எண்ணிக்கை இன்றும் பேசப்படுகிறது.

• ஆற்றங்கரை வழிகாட்டியான கில்லியிடம் கேளுங்கள். அன்றைய நீருக்கு எது என்பது அவருக்குத் தெரியும்.

• கொக்கியின் பின்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள்.

செய்யக்கூடாதவை

• நான்கு வீச்சுக்கு ஒருமுறை ஈயை மாற்றாதீர்கள். தண்ணீரில் கிடக்கும் ஈக்குத்தான் மீன் அகப்படும், பெட்டியில் இருப்பதற்கு அல்ல. மீன் ஒருமுறை இழுத்துத் தவறவிட்டால் மட்டும் சற்றுப் பொறுத்து, அதையே ஓர் அளவு சிறியதாகப் போட்டுப் பாருங்கள்.

• விக்டோரியா காலத்து அலங்கார ஈக்களில் மயங்காதீர்கள். ஜார்ஜ் கெல்சன் 1895-இல் வெளியிட்ட நூலில் அவை நிறைய உண்டு. ஜாக் ஸ்காட் போன்றவற்றில் நம் மேற்குத்தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திறகும் சேர்ந்திருக்கும். பார்க்க அழகுதான், ஆனால் மீன் கேட்பது அதை அல்ல. காட்டுப்பறவையின் இறகு என்று சந்தேகம் வந்தால் வாங்கவே வேண்டாம்.

• வற்றிய கோடை ஆற்றில் கனத்த பித்தளைக் குழாய் ஈயை இறக்காதீர்கள், பாறையில்தான் மாட்டும்.

• மும்முனைக் கொக்கி வேண்டாம். மீனின் வாயைக் கிழித்துவிடும்.

• ஸ்காட்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை சால்மன் பிடிக்கச் சட்டம் இடம் தராது. ஏப்ரல் 1-க்கு முன் பிடித்ததை ஆற்றில் விட்டே ஆக வேண்டும்.

பிரிட்டன் ஆறுகளின் சால்மன் அழியும் ஆபத்தில் இருப்பதாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2023-இல் அறிவித்தது. ஆகவே எந்த மாதத்தில் பிடித்தாலும், மீனைத் தண்ணீரை விட்டு வெளியே தூக்காமலே கொக்கியைக் கழற்றி விட்டுவிடுங்கள்.