எஃகின் இயைபும் பற்றவைப்பின் பாதுகாப்பும்

பெங்களூரின் பீனியா தொழிற்பேட்டை 1970-களில் உருவாகி, இன்று சிறு தொழிற்கூடங்கள் செறிந்த பெரும் பகுதியாக விளங்குகிறது. பெரிய தொழிற்சாலைகளுக்கு உதிரி பாகங்கள் செய்து தரும் இக்கூடங்களில் பற்றவைப்பு அன்றாடப் பணியாகும். பற்றவைத்த மறுநாள் இணைப்பின் ஓரத்தில் மயிரிழை போன்ற விரிசல் தோன்றுமாயின், பொருளும் உழைப்பும் வீணாவதோடு அடுத்த ஆணையும் கைநழுவிப் போகும். இவ்விழப்பு பெரும்பாலும் தவிர்க்கக் கூடியதே.

விரிசலுக்கான காரணங்கள்

இவ்வகை விரிசல் தோன்ற மூன்று நிலைகள் ஒருங்கே அமைய வேண்டும். அவை: ஈரத்திலிருந்து இணைப்பினுள் புகும் ஹைட்ரஜன், விரைவாகக் குளிர்வதால் எஃகில் உண்டாகும் கடினமான, நொறுங்கும் அமைப்பு, இணைப்பு சுருங்குவதால் எழும் இழுவிசை. ஹைட்ரஜன் மெல்லப் பரவுவதால் சில மணி நேரமோ, இரண்டொரு நாட்களோ கழித்தே விரிசல் வெளிப்படும். எனவே, பணி முடிந்தவுடன் செய்யும் ஆய்வு மட்டும் போதாது.

கார்பன் சமானம்

எஃகு எந்த அளவு கடினமாகும் என்பதை அதன் இயைபே தீர்மானிக்கிறது. கார்பனின் பங்கு முதன்மையானது. பிற உலோகங்களும் தத்தம் அளவில் துணை செய்கின்றன. 1940-இல் டியர்டன், ஓநீல் ஆகியோர் வகுத்த முறையை ஒட்டி, சர்வதேச பற்றவைப்புக் கழகம் ஏற்றுக்கொண்ட கணக்கு வருமாறு:

கார்பன் + மாங்கனீஸில் ஆறில் ஒரு பங்கு + குரோமியம், மாலிப்டினம், வனேடியம் ஆகியவற்றின் கூட்டுத்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு + நிக்கல், தாமிரம் ஆகியவற்றின் கூட்டுத்தொகையில் பதினைந்தில் ஒரு பங்கு.

கட்டுமான எஃகில் கார்பன் 0.20, மாங்கனீஸ் 0.90 சதவீதம் எனக் கொண்டால் சமானம் 0.35 ஆகும். இ.என். 8 எனப்படும் அச்சு எஃகில் கார்பன் 0.40, மாங்கனீஸ் 0.80 எனில் 0.53 ஆகும். இ.என். 24 கலப்பு எஃகில் கார்பன் 0.40, மாங்கனீஸ் 0.60, குரோமியம் 1.20, மாலிப்டினம் 0.25, நிக்கல் 1.50 எனில் 0.89 ஆக உயர்கிறது. கண்ணுக்கு மூன்றும் ஒன்று போலவே தோன்றும் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

முன்சூடேற்றம்

பொதுவாக, சமானம் 0.45-க்குள் இருப்பின் மெல்லிய தகடுகளுக்கு முன்சூடு தேவைப்படுவதில்லை. 0.45 முதல் 0.60 வரை சுமார் 100 முதல் 200 டிகிரி செல்சியஸும், அதற்கு மேல் 200 முதல் 350 டிகிரி வரையும் தேவைப்படலாம். தகடு தடிமனாக இருந்தால் வெப்பம் விரைவில் பரவிச் செல்லும். ஆகவே முன்சூட்டை உயர்த்த வேண்டும். முன்சூடு இரு வகையில் உதவுகிறது: குளிர்வதைத் தாமதப்படுத்துகிறது; ஹைட்ரஜன் வெளியேற அவகாசம் தருகிறது. குறிப்பிட்ட வெப்பநிலையில் உருகும் மெழுகுக் குச்சியைக் கொண்டு வெப்பத்தை எளிதில் சரிபார்க்கலாம். மழைக்காலத்தில் வெல்டிங் ராடுகள் ஈரத்தை ஈர்க்குமாதலால், குறை ஹைட்ரஜன் ராடுகளைத் தயாரிப்பாளர் கூறும் வெப்பத்தில் உலர்த்திய பின்னரே பயன்படுத்த வேண்டும்.

ஒரு படிப்பினை

1961-இல் திறக்கப்பட்ட ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகர கிங் தெருப் பாலம், 1962 ஜூலை 10 அன்று கனரக வாகனம் ஒன்று கடந்தபோது முறிந்து தொய்ந்தது. பற்றவைப்பதற்குக் கடினமான உயர்வலிமை எஃகே அதில் பயன்பட்டிருந்தது. மூடுதகடுகளின் முனைகளிலிருந்த பற்றவைப்புகளில் விரிசல்கள் இருந்தமை விசாரணையில் தெரியவந்தது.

செய்ய வேண்டுவன

நம் நாட்டின் ஐ.எஸ். 2062 தரநிர்ணயம் கட்டுமான எஃகுக்கு உச்ச சமானத்தை வரையறுத்துள்ளது. இ 250 தரத்தின் ஏ வகைக்கு அது 0.42 ஆகும். எனவே எஃகு வாங்கும்போது ஆலையின் சோதனைச் சான்றிதழைக் கேட்டுப் பெறுவது முதற்கடமை. இயைபு தெரியாத பழைய இரும்பைச் சோதிக்காமல் தாங்கு உறுப்புகளுக்குப் பயன்படுத்தலாகாது. ஐயம் எழுமிடத்து, 1975-இல் திருச்சிராப்பள்ளியில் பாரத மிகுமின் நிறுவனம் தொடங்கிய பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் போன்ற அமைப்புகளின் அறிவுரையை நாடலாம்.

முன்சூட்டுக்கான எரிவாயுச் செலவு கணக்கேட்டில் உடனே தெரிகிறது. விரிசலால் நேரும் இழப்போ பின்னரே வருகிறது. அதனாலேயே சிறு தொழில் முனைவோர் முன்னதைக் குறைக்க முற்படுகின்றனர். கூலி ஒப்பந்தத்திலேயே எஃகின் இயைபையும் முன்சூட்டுச் செலவையும் குறிப்பிடுவது வழக்கமானால், அச்சுமை சிறு கூடத்தின் மீது மட்டும் விழாது. ஒரு சிறு கூட்டல் கணக்கு பொருளையும் உயிரையும் காக்க வல்லது.