நடுக்கடலில் எஞ்சின் நின்றால்?

கேள்வி: பரங்கிப்பேட்டையில் இருக்கும் என் அண்ணன், தன் ஃபைபர் படகில் காலா மீன் பிடிக்கக் கூட்டிப்போவதாகச் சொல்கிறார். பிள்ளைகளையும் அழைத்துப் போகலாமா? வழியில் எஞ்சின் நின்றுவிட்டால்?
– ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள், அம்மா. உங்கள் சேர்வராயன் மலைப் பக்கம் பிறக்கும் வெள்ளாறு கடலில் கலக்கும் ஊர் அது. காலா, முகத்துவாரத்தையும் சேற்றுப்பாங்கான கரையோரத்தையும் விரும்பும் மீன். வெகுதூரம் போக வேண்டியதில்லை. கடைகளில் ‘இந்தியன் சால்மன்’ என்று விற்பது இதைத்தான்.

எஞ்சின் நின்றால் காற்றும் நீரோட்டமும் படகை இழுத்துப் போய்விடும். முதலில் நங்கூரம் போடச் சொல்லுங்கள். அடுத்து பெட்ரோல் டேங்கின் மூடியைப் பாருங்கள். அதிலுள்ள காற்றுத்துளைத் திருகு இறுகியிருந்தால் பெட்ரோல் வராது, எஞ்சின் திணறி நிற்கும். பல நேரம் கோளாறு அவ்வளவுதான்! ஓடும்போது எஞ்சினிலிருந்து மெல்லிய நீர்த்தாரை பீய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். அது நின்றால் உடனே அணைத்துவிட வேண்டும். பாசியோ பிளாஸ்டிக் பையோ நீர் உறிஞ்சும் வாயை அடைத்திருக்கும். அதை எடுக்காமல் ஓட்டினால் எஞ்சின் சூடேறிக் கெட்டுவிடும்.

பெட்ரோலை மூன்று பங்காக எண்ணுங்கள்: போக ஒன்று, வர ஒன்று, அவசரத்துக்கு ஒன்று. உயிர்காப்பு உடை இல்லாமல் பிள்ளைகளை ஏற்றவே வேண்டாம், யார் கேலி செய்தாலும் சரி. கடலோரக் காவல் குழும எண் 1093, இந்தியக் கடலோரக் காவல்படை எண் 1554. முகத்துவாரத்தில் அலை உடையும். அதைத் தாண்டும்வரை எல்லோரும் உட்கார்ந்தே இருங்கள்.