முடி கொட்டுகிறதா? மாத்திரை வாங்கும் முன் வட்டவடைக்காரர்களுக்குச் சில குறிப்புகள்

வட்டவடையில் மார்கழி பிறந்தால் தலைக்குக் குல்லாய் ஏறிவிடும். கழற்றும்போது உள்ளே ஒட்டியிருக்கும் முடியைப் பார்த்துத்தான் பலருக்கும் பயம் தொடங்குகிறது. கோவிலூரிலோ மூணாறிலோ மருந்துக்கடை முன்னால் போய் நிற்கிறோம். "அண்ணே, முடி கொட்டாம இருக்க நல்ல மாத்திரையா ஒண்ணு குடுங்க." அவரும் ஒன்றை எடுத்துக் கொடுக்கிறார். உங்கள் உடம்பில் என்ன குறை என்று அவருக்கு எப்படித் தெரியும்? உங்களுக்கே தெரியாதே! அதைத் தெரிந்துகொண்டு காசை எடுப்பதற்காகத்தான் இந்தக் குறிப்புகள்.

1. தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கிறது. அதில் ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. குளிருக்குப் பயந்து வாரம் ஒருமுறை மட்டும் தலைக்கு ஊற்றுகிறவர்களுக்கு ஏழு நாள் உதிர்ந்த முடியும் ஒரே நாளில் கையோடு வரும். அந்தக் கொத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம். வகிடு அகலமாகிறதா, பின்னல் மெலிகிறதா என்பதுதான் கணக்கு. மாதம் ஒருமுறை, அதே ஜன்னல் வெளிச்சத்தில், வகிடு தெரிய ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். கண்ணை விட அது நம்பகமானது.

2. உதிர்ந்த முடியில் ஒன்றை எடுத்துக் கறுப்புத் துணி மேல் வைத்துப் பாருங்கள். ஒரு முனையில் வெள்ளையாகச் சின்ன உருண்டை இருந்தால் அது வேரிலிருந்து உதிர்ந்த முடி. உருண்டை இல்லாமல், நீளமும் குட்டையாக இருந்தால் அது நடுவில் ஒடிந்த முடி. விறகடுப்பில் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சிய தண்ணீர், ஈரத்தலையில் சீப்பு, அடிக்கடி போடும் சாயம் இவையெல்லாம் ஒடிய வைக்கும். ஒடியும் முடிக்கு எந்த மாத்திரையும் தேவையில்லை. தண்ணீரை வெதுவெதுப்பாக்கி, பல் அகலமான சீப்புக்கு மாறினால் போதும்.

3. வேரோடு உதிர்கிறதென்றால் காலண்டரை மூன்று மாதம் பின்னால் புரட்டுங்கள். டெங்கு, டைபாய்டு, கோவிட் போன்ற கடும் காய்ச்சல், ஆபரேஷன், பிரசவம், சட்டென்று உடம்பை இளைக்க வைத்த பட்டினி, பெரிய துக்கம் என்று ஏதாவது இருந்திருக்கும். உடம்புக்கு ஒரு அடி விழுந்தால், வளர்ந்துகொண்டிருந்த முடிகள் மொத்தமாக ஓய்வுக்குப் போய்விடும். இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் உதிரும். அதனால்தான் காரணத்தை விட்டுவிட்டு ஷாம்புவையும் தண்ணீரையும் திட்டுகிறோம். பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கிற மாதத்தில் தாய்க்கு முடி கொட்டும் என்று பாட்டிமார் சொல்வதும் இதே கணக்குத்தான். பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானே நின்று, நெற்றியோரம் குட்டி முடி முளைக்கும். இந்த நேரத்தில் எந்த மாத்திரையைத் தின்றாலும் அதுதான் முடியைத் திருப்பிக் கொடுத்ததாகத் தோன்றும். மாத்திரைக் கம்பெனிகளின் பாதிப் புகழ் இப்படி வந்ததுதான்!

4. காய்ச்சலும் இல்லை, பிரசவமும் இல்லை, ஆண்டுக் கணக்கில் மெல்ல மெல்ல மெலிகிறது; ஆண்களுக்கு நெற்றி ஏறுகிறது, உச்சி தெரிகிறது; பெண்களுக்கு வகிடு விரிகிறது என்றால் அது பரம்பரை வாகு. அப்பா வழியில் மட்டுமல்ல, அம்மா வழியிலும் வரும். ஹார்மோனும் மரபணுவும் சேர்ந்து செய்கிற வேலை இது. சத்து மாத்திரை இதைத் தடுக்காது.

5. மாத்திரைக்கு முன் இரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு (டி.எஸ்.ஹெச்.) இந்த மூன்றும் முக்கியம், டாக்டர் சொன்னால் வைட்டமின் டி-யும், பி12-உம். ஃபெரிட்டின் என்பது உடம்பில் சேமித்து வைத்திருக்கும் இரும்பின் அளவு. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இந்தச் சேமிப்பு காலியாக இருக்கலாம். மலையில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உயரம் கூடக் கூடக் காற்றில் பிராணவாயு அழுத்தம் குறைவதால், உடம்பு ஹீமோகுளோபினைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளும். பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால் இரத்தசோகை என்பது சமவெளிக் கணக்கு. 500 மீட்டருக்கு மேலே வாழ்கிறவர்களுக்கு அந்த எண்ணைத் திருத்திப் பார்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே வட்டவடைக்காரர் ஒருவர் 12-ஐத் தொட்டுவிட்டேன் என்று நிம்மதியாகிவிட முடியாது. காய்ச்சல் இருக்கும்போது ஃபெரிட்டின் பார்க்க வேண்டாம், பொய்யாகக் கூடிக் காட்டும்.

6. 2019–21-இல் நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் இரத்தசோகை உள்ளவர்கள் இந்தியாவில் 57 சதவீதம், தமிழ்நாட்டில் 53.4, கேரளாவில் 36.3. கேரளா தேவலை என்றாலும் மூன்றில் ஒருத்திக்கு மேல். மலையில் இதற்குத் துணை போவது கட்டன் சாயா. குளிருக்கு இதமாக நாளெல்லாம் குடிக்கிறோம்; சாப்பாட்டோடு குடித்தால் தேயிலையின் துவர்ப்பு உணவிலுள்ள இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாயாவை விட வேண்டாம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னோ பின்னோ தள்ளி வையுங்கள்.

7. முருங்கைக்கீரை சாப்பிடுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். இந்தக் குளிரில் முருங்கை எங்கே வரும்? கீழேயிருந்து வண்டியில் வந்தால்தான் உண்டு. நம் தோட்டத்தில் இருப்பதைப் பார்ப்போம். பீன்ஸ் விதை, பட்டாணி, கேழ்வரகு, கீரை இவற்றில் இரும்பு இருக்கிறது. ஆனால் செடியிலிருந்து வரும் இரும்பு உடம்பில் சுலபமாகச் சேராது. வைட்டமின் சி கூட இருந்தால் சேரும். சந்தைக்குப் போக மீதியாகிற நசுங்கிய ஸ்ட்ராபெரி, மரத்தக்காளி, எலுமிச்சை ஏதாவது ஒன்று அதே சாப்பாட்டில் இருக்கட்டும். முடி என்பதே புரதம்தான். கஞ்சியும் ஊறுகாயுமாக நாளை ஓட்டுகிறவர்கள் தினம் ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் பயறோ சேர்த்தால், விலை உயர்ந்த டப்பாவை விட அதுவே உருப்படியான செலவு.

8. இரும்பு குறைவென்று தெரிந்தால் இரும்பு மாத்திரை உண்மையிலேயே உதவும். 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை அரசுத் திட்டத்தில் இலவசம். சுகாதார நிலையத்திலோ ஆஷா பணியாளரிடமோ கேளுங்கள். டீ, பால், கால்சியம் மாத்திரை இவற்றோடு சேர்க்காதீர்கள். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் இரண்டுக்கும் நடுவில் நான்கு மணி நேரம் விட வேண்டும். மலம் கறுப்பாகப் போவது இயல்பு. டப்பாவைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். மிட்டாய் என்று நினைத்துப் பத்து மாத்திரையை விழுங்கினால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

9. பயோட்டின். "முடி மாத்திரை" என்று விற்பதில் பெரும்பகுதி இதுதான். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும். சாதாரணச் சாப்பாட்டிலேயே அது கிடைத்துவிடும். கடையில் விற்கும் மாத்திரையிலோ 5,000, 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது. குறைபாடு இல்லாதவருக்கு அது முடி வளர்க்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. சிறுநீரோடு போய்விடும், கெடுதல் இல்லை என்பார்கள். அது முழு உண்மையல்ல. உடம்பில் பயோட்டின் நிறைய இருந்தால் தைராய்டு பரிசோதனையும், மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் டிரோபோனின் பரிசோதனையும் தப்பான எண் காட்டலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் எச்சரித்தது. ஆகவே இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டு, சாப்பிட்டு வந்ததையும் டாக்டரிடம் சொல்லுங்கள். கம்மி என்று வரும் இனிப்பு மிட்டாய் வடிவத்தில் கூடுதலாகச் சர்க்கரை கிடைக்கும், அவ்வளவுதான்.

10. சத்து அதிகமானாலும் முடி கொட்டும். 2024 டிசம்பர் கடைசியில் மகாராஷ்டிராவின் புல்தானா மாவட்டம் ஷேகாவ் தாலுகாவில் ஊர் ஊராக மக்களுக்குத் திடீரென்று முடி கொட்டி, சில நாளிலேயே மொட்டையானார்கள். முதலில் தண்ணீரைச் சந்தேகித்தார்கள். ரேஷன் கோதுமையில் செலினியம் மிதமிஞ்சி இருந்ததே காரணம் என்று, தேள்கடி மருத்துவத்தில் பேர்பெற்ற டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் ஆராய்ந்து சொன்னார். முடிக்கென்று விற்கும் பல மாத்திரைகளில் இதே செலினியமும், வைட்டமின் ஏ-யும் உண்டு. அளவு மீறினால் இரண்டுமே முடியை உதிர்க்கும். அதனால் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று டப்பாக்களைத் திறந்து வைத்துக்கொள்வது கூடாது.

11. டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். சத்து மாத்திரை சட்டப்படி உணவு வகை. அதில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும். "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்றும் ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பார்கள். முன்பக்கத்தில் பெண்ணின் நீண்ட கூந்தல், பின்பக்கத்தில் இந்த வரி! வழுக்கையைப் போக்குவதாக எந்த மருந்தும் உரிமை கொண்டாடக் கூடாது என்று 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணை சொல்கிறது. விளம்பரத்தை நம்பி ஏமாந்த ஒருவர் தொடுத்த வழக்கில், திருச்சூர் நுகர்வோர் மன்றம் முடி வளர்க்கும் க்ரீம் தயாரித்த நிறுவனத்துக்கும், விளம்பரத்தில் நடித்த நடிகர் அனூப் மேனனுக்கும் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டது. கேரளத்தில் நடந்ததுதான். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

12. காசு அளவுக்கு வட்டமாக, வழவழவென்று முடி போயிருந்தால் அது புழுவெட்டு. புழு எதுவும் வெட்டுவதில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடியின் வேரைத் தாக்குவதால் வருவது. இதற்குப் பூண்டை நசுக்கித் தேய்க்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. காந்தளூர்–வட்டவடைப் பூண்டு 2022-இல் புவிசார் குறியீடு வாங்கியது. அதன் காரமும் எண்ணெயும்தான் அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தன. அந்தக் காரமே தோலைச் சுட்டுக் கொப்புளமாக்கும். புண்ணாகித் தழும்பு விழுந்தால் அந்த இடத்தில் பிறகு முடி முளைக்காது. நம் பூண்டு இரசத்துக்கே இருக்கட்டும். சின்னத் திட்டுகள் பல நேரம் ஓராண்டுக்குள் தானே மூடிக்கொள்ளும். பெருகினால் தோல் டாக்டர் ஊசி போடுவார். பிள்ளைகளுக்குத் திட்டில் செதிலும் அரிப்பும் இருந்தால் அது படர்தாமரை. அதற்குக் களிம்பு போதாது, உள்ளுக்கும் மருந்து வேண்டும்.

13. தேங்காய் எண்ணெய் நல்லதுதான். முடித்தண்டிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைத்து ஒடியாமல் காக்கும். புது முடி முளைக்க வைக்காது. இங்கே பாட்டில் பெரும்பாலும் உறைந்தே கிடக்கும். அடுப்பில் நேராக வைக்காமல் சுடுதண்ணீர்ச் சொம்புக்குள் நிறுத்தி இளக்குங்கள். பொடுகு இருக்கும்போது எண்ணெய் வேண்டாம், பொடுகு கூடும். 2 சதவீத கீட்டோகொனசோல் ஷாம்புவை வாரம் இரண்டு தடவை, ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள்.

14. கேரட் மூட்டையும் புல்லுக்கட்டும் தலையில் சுமக்கிறவர்கள் கொண்டையை உச்சியில் இறுக்கிப் போட்டு அதன்மேல் சுமை ஏற்றாதீர்கள். தளர்வாகப் பின்னிக் கழுத்தோரம் விட்டுவிட்டு, சும்மாடு வையுங்கள். வருடக்கணக்கில் இழுபடும் முடி நெற்றியோரம் திரும்ப வராமலே போய்விடும். கம்பளிக் குல்லாயால் வழுக்கை விழாது. துவைத்துப் போடுங்கள்.

15. பரம்பரை வாகுக்கு ஆதாரமுள்ள மருந்து மினாக்சிடில். இரத்த அழுத்தத்துக்கு வந்த மாத்திரை. சாப்பிட்டவர்களுக்கு முடி வளர்வதைப் பார்த்துத் தலைக்குத் தடவும் திரவமாக்கினார்கள். முதல் சில வாரம் முடி கூடுதலாகக் கொட்டலாம். பயந்து நிறுத்துகிறவர்கள் அதிகம். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால் நான்கு முதல் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். நிறுத்தினால் வந்தது போய்விடும். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தொடக் கூடாது. ஆண்களுக்கு ஃபினாஸ்டரைடு மாத்திரையும் உண்டு, டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும்.

16. மருந்து வேலை செய்யும் வரை நாலு பேர் முன் போக வேண்டுமே? நீளத்தைக் கொஞ்சம் குறைத்தால் அடர்த்தி கூடித் தெரியும். வகிட்டை இடம் மாற்றுங்கள். கல்யாணத்துக்குச் சவுரி வைப்பதில் வெட்கம் எதற்கு? எடை குறைந்ததாக, ஒரு நாளுக்கு மட்டும் வையுங்கள். ஆண்கள் ஒட்ட வெட்டிக்கொண்டால் பாதிக் கவலை சலூனிலேயே தீர்ந்துவிடும். "என்னடி, முடியெல்லாம் இப்படிக் கொட்டிப் போச்சு" என்று விசேஷ வீட்டில் விசாரிக்கும் சித்திகளுக்கு மட்டும் மருந்து கிடையாது.

17. ஆறு மாதமாகியும் கொட்டுவது நிற்கவில்லை, திட்டுத் திட்டாகப் போகிறது, தலைத்தோலில் வலி, சீழ், தழும்பு இருக்கிறது, மாதவிலக்கு தவறி முகத்தில் முடி வளர்கிறது என்றால் தள்ளிப்போடாமல் தோல் டாக்டரைப் பாருங்கள். இடுக்கி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போடி வழியாக இறங்கினால் தேனி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் இருக்கிறது. போகும்போது இரத்தப் பரிசோதனைச் சீட்டு, மாதாமாதம் எடுத்த போட்டோ, இதுவரை சாப்பிட்ட மாத்திரை டப்பாக்கள் எல்லாவற்றையும் கையோடு கொண்டு போங்கள்.