காதிரைச்சல் உடையோர் ஒவ்வாமைக்கு மருந்து உட்கொள்ளும் முறை

பஞ்சுத் தூசியும் நெற்சுணையும் நம் தொழில்களை விட்டுப் பிரியாதவை. அவற்றால் விளையும் தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு முதலிய தொல்லைகளை நம் அங்கத்தினர் பலர் அனுபவித்து வருகின்றனர். இவர்களுள் ஒரு சாராருக்கு மற்றொரு துன்பமும் உண்டு. வெளியே ஓசை ஏதும் இல்லாதபோதும் காதினுள் ‘உஸ்’ என்றோ, ‘ஙொய்’ என்றோ, சில்வண்டு கத்துவது போன்றோ ஓயாத ஒலி கேட்கும். இதனையே காதிரைச்சல் என்கிறோம்.

இவ்விரண்டும் ஒருவரிடத்தே சேரும்போது ஒரு சங்கடம் எழுகின்றது. தும்மலுக்கு மாத்திரை உண்டால் காதிரைச்சல் மிகுமோ என்று அஞ்சிச் சிலர் மருந்தையே தொடுவதில்லை. வேறு சிலர், கடையில் கேட்டு வாங்கிய ‘சளி மாத்திரை’யை, அதில் என்னென்ன கலந்துள்ளன என்று அறியாமலே மாதக்கணக்கில் விழுங்குகின்றனர். இரண்டும் தவறு. காதிரைச்சல் உடையோருக்கு ஒவ்வாமை மருத்துவம் விலக்கன்று. பல சமயங்களில் அது காதுக்கும் நன்மையே செய்யும். ஆனால், எம்மருந்து எத்தன்மையது என்று அறிந்து உட்கொள்ள வேண்டும். அதனை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

மூக்குக்கும் காதுக்கும் உள்ள தொடர்பு

மூக்கின் பின்புறத்திலிருந்து நடுச்செவிக்கு ஒரு சிறு குழல் செல்கின்றது. 16-ஆம் நூற்றாண்டில் இதனை விவரித்த இத்தாலிய வைத்தியரின் பெயரால் இது யூஸ்டேக்கியன் குழல் எனப்படும். நாம் எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் இக்குழல் திறந்து, செவிப்பறையின் இருபுறத்திலும் காற்றழுத்தத்தைச் சமமாக்குகின்றது. ஒவ்வாமையால் மூக்கின் உட்சவ்வு வீங்கினால் இக்குழலின் வாயும் அடைபடும். காது அடைத்தாற்போலாகி வெளியோசை மங்கும். வெளியோசை மங்கவே, உள்ளிருக்கும் இரைச்சல் ஓங்கித் தோன்றும். தறி நின்ற பிறகே சுவர்க் கடிகாரத்தின் ஓசை நமக்குக் கேட்கின்றதன்றோ? அதைப் போன்றதே இதுவும். இவ்வாறு மிகுந்த இரைச்சல், மூக்கடைப்பு நீங்கினால் தணியக்கூடும்.

ஆயினும், காதிரைச்சலின் வேர் பெரும்பாலும் உட்செவியில் உள்ளது. அங்கே ஒலியை உணரும் நுண்ணிய மயிரணுக்கள் பேரோசையால் அழிந்துபோனால் மீண்டும் முளைப்பதில்லை. 85 டெசிபலும் அதற்கு மேலும் உள்ள ஓசையில் நாள்தோறும் 8 மணி நேரம் உழைப்பது செவிக்குக் கேடு என்று தொழில் நல அறிஞர்கள் கூறுகின்றனர். அளவுகருவி இல்லாதபோதும் இதனை ஓரளவு அறியலாம். கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கூவித்தான் பேச வேண்டியிருக்கின்றது என்றால், அவ்விடத்து ஓசை அவ்வெல்லையை எட்டிவிட்டது என்று கொள்க. சோமனூர், பல்லடம், குமாரபாளையம் போன்ற ஊர்களின் விசைத்தறிக் கூடங்களில் நிற்போருக்கு இது புதிய செய்தி அன்று.

தூசியும் ஓசையும் தொழிலாளரைத் துன்புறுத்துவது பழங்கதை. 1700-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில், இத்தாலிய வைத்தியர் ராமஸினி, சணல் சிக்கெடுப்போரின் இருமலையும் செம்பு தட்டுவோரின் செவிட்டுத்தன்மையையும் ஒருங்கே குறித்துள்ளார். ஆதலின், ஒன்றை நினைவில் இருத்த வேண்டும். ஒவ்வாமை மருந்து மூக்கை ஆற்றும். பேரோசையால் நைந்த செவியை அது சீராக்காது.

மருந்துகளின் வகைகள்

தூசி, மகரந்தம் முதலியவை ஒவ்வாதவரின் உடலில் ஹிஸ்டமின் என்னும் பொருள் வெளிப்பட்டுத் தும்மலையும் அரிப்பையும் உண்டாக்குகின்றது. இதனைத் தடுக்கும் பொருள் ஒன்றை 1937-இல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் டேனியல் போவே என்பவரும் அவருடைய துணைவரும் கண்டறிந்தனர். போவேக்கு 1957-இல் நோபெல் பரிசு கிடைத்தது. அவ்வழி வந்த மருந்துகளே இன்று நாம் உண்ணும் தும்மல் மாத்திரைகள்.

1. பழைய வகை மாத்திரைகள். குளோர்பெனிரமின், பெனிரமின், டைபென்ஹைட்ரமின் ஆகியவை இவ்வகையின. தும்மலை நிறுத்தும், ஆனால் தூக்கத்தையும் மந்தத்தையும் கொடுக்கும். நாடா பாயும் தறியருகிலும், கதிரடிக்கும் எந்திரத்தின் முன்னும், டிராக்டரின் மேலும் ஒரு கணம் கண் செருகினால் விரலோ கையோ போகும். மதுவுடன் சேர்ந்தால் அபாயம் இரட்டிப்பாகும். முதியோருக்குச் சிறுநீர் அடைப்பும், சிலவகைக் கண்ணழுத்த நோயுடையோருக்குக் கண் துன்பமும் இவற்றால் நேரலாம். ஆகவே வேலை நாளில் பகற்பொழுதில் இவற்றை விலக்குவதே நன்று.

2. புதிய வகை மாத்திரைகள். சிட்ரிசின், லெவோசிட்ரிசின், லோரடடின், பெக்சோபெனடின் முதலியவை. தூக்கம் குறைவு, எனினும் சிட்ரிசினும் லெவோசிட்ரிசினும் சிலருக்குத் தூக்கம் தருவதால் அவற்றை இரவில் உட்கொள்ளச் சொல்வது வழக்கம். இவற்றுள் சிலவற்றின் விவரத்தாளில் பக்க விளைவுகளின் வரிசையில் காதிரைச்சல் என்ற சொல்லும் காணப்படும். அதனைக் கண்டு திகைக்க வேண்டா. மருந்து உண்டவர்கள் கூறிய குறைகள் பலவும் அவ்வரிசையில் இடம் பெறும். மருந்தே அவற்றுக்குக் காரணம் என்று ஒவ்வொன்றிலும் நிறுவப்பட்டதாகப் பொருள் அன்று. பெரும்பாலோர்க்கு இம்மாத்திரைகளால் இரைச்சல் மிகுவதில்லை. எவருக்கேனும் மிகுந்தால் வைத்தியரிடம் கூறி வேறொன்றுக்கு மாறலாம்.

3. மூக்கில் பீச்சும் ஸ்டீராய்டு மருந்துகள். புளூட்டிகசோன், மொமெட்டசோன், புடெசனைடு ஆகியவை. நாட்பட்ட மூக்கடைப்புக்கு இவையே மிகுந்த பயன் தருவன. மூக்கின் சவ்விலேயே வேலை செய்வதால் இரத்தத்தில் சேர்வது சிறிதளவே. ஆதலின், ஸ்டீராய்டு என்ற பெயர் கேட்டே அஞ்சுதல் வேண்டா. மாறாக, ஸ்டீராய்டு மாத்திரைகளையும் ஊசியையும் வைத்தியர் மேற்பார்வையின்றி நெடுநாள் கொள்வது சர்க்கரையையும் இரத்தக் கொதிப்பையும் ஏற்றி, எலும்பையும் நலிவிக்கும். பீச்சு மருந்தின் முழுப் பயன் தெரிய ஓரிரு வாரம் ஆகலாம். இரண்டு நாளில் பலன் இல்லை என்று நிறுத்துவோர் பலர். தலையைச் சற்றுக் குனிந்து, வலக்கையால் இடமூக்கிலும் இடக்கையால் வலமூக்கிலும், நடுச்சுவரை நோக்காமல் வெளிப்புறமாகப் பீச்ச வேண்டும். பிறகு மெல்ல மூச்சிழுத்தால் போதும்.

4. அடைப்பு நீக்கும் மருந்துகள். காதிரைச்சல் உடையோர் மிகவும் கவனிக்க வேண்டிய வகை இதுவே. சூடோஎபிட்ரின் கலந்த மாத்திரைகள் இரத்தக் கொதிப்பையும் நெஞ்சுப் படபடப்பையும் கூட்டும், தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கம் கெட்டால் இரைச்சலின் கொடுமை மிகும் என்பதை அதனை அனுபவிப்போர் அறிவர். பினைலெப்ரின் மாத்திரையோ, மூக்கடைப்பை நீக்குவதில் பயனற்றது என்று அமெரிக்க அரசின் மருந்துத் துறைக்கு ஆலோசனை கூறும் குழு 2023-இல் முடிவு கூறிற்று. சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் ஆகிய சொட்டு மருந்துகள் உடனே மூக்கைத் திறக்கும். ஆனால் 3 முதல் 5 நாட்களுக்கு மேல் இட்டால், மருந்தே அடைப்புக்குக் காரணமாகிவிடும்.

5. மாண்டெலுகாஸ்ட். லெவோசிட்ரிசினுடன் சேர்த்து இது மிகுதியாக விற்பனையாகின்றது. இதனால் சிலருக்கு மனக்கலக்கம், கெட்ட கனவு, மனச்சோர்வு முதலியன நேரலாம் என்று 2020-இல் அமெரிக்க மருந்துத் துறை கடும் எச்சரிக்கை விடுத்தது. இரைச்சலால் முன்னமே உறக்கமும் மனநிம்மதியும் குன்றியவர் இதனைத் தாமாக வாங்கி உண்ணுதல் தகாது.

கலப்பு மாத்திரையின் ஏமாற்றம்

கடைகளில் ‘சளிக்கு’ என்று கொடுக்கும் ஒரே மாத்திரையில் குளோர்பெனிரமின், பினைலெப்ரின், பாராசெட்டமால் மூன்றும் கலந்திருத்தல் உண்டு. சிலவற்றில் காப்பிச் சத்தும் சேரும். தும்மல் மட்டும் உடையவருக்குக் காய்ச்சல் மருந்து எதற்கு? மேலும், இத்தகைய மாத்திரையால் காதிரைச்சல் மிகுந்தால், எப்பொருளால் மிகுந்தது என்று எவராலும் கூற இயலாது. ஒரு நேரத்தில் ஒரே மருந்து என்பதே நம் விதியாக இருக்கட்டும். புதிய மருந்தைத் தொடங்கிய நாளையும், அன்று முதல் தும்மல், உறக்கம், இரைச்சல் ஆகியவற்றின் நிலையையும் இரண்டு வாரம் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருக. அக்குறிப்பு வைத்தியருக்குப் பெருந்துணையாகும்.

செவிக்கே தீங்கு செய்யும் மருந்துகள்

மிகுந்த அளவில் உண்ணும் ஆஸ்பிரின் காதிரைச்சலை உண்டாக்கும். நிறுத்தினால் பெரும்பாலும் தணியும். கொயினாவும் இத்தகையதே. ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், அமிக்காசின் ஆகிய ஊசி மருந்துகள் உட்செவியை நிலையாகவே கெடுக்கக்கூடும். இவை ஒவ்வாமை மருந்துகள் அல்ல; எனினும் எந்நோய்க்குச் சென்றாலும் ‘எனக்குக் காதிரைச்சல் உண்டு’ என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அதே சமயம், இருதயத்திற்காகக் கொடுத்த சிற்றளவு ஆஸ்பிரினையோ, காசநோய் மருந்தையோ தாமாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகும்.

மருந்துக்கு முன் செய்யத்தக்கவை

தூசி குறைந்தால் மருந்தும் குறையும். தறிக்கூடத்தை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். பஞ்சு அடிக்கையிலும், நெல் தூற்றுகையிலும், வைக்கோல் ஏற்றுகையிலும் முகத்தோடு படியும் என்-95 கவசம், தோள் துண்டைவிடப் பன்மடங்கு காக்கும். பார்த்தீனியச் செடியைப் பூப்பதற்கு முன், கையுறை அணிந்து வேரோடு பிடுங்க வேண்டும்.

உப்புநீரால் மூக்கைக் கழுவுதல் எளிய முறை. ஒரு லிட்டர் நீருக்கு 9 கிராம் உப்பு, அதாவது தலைதட்டிய ஒன்றரைத் தேக்கரண்டி போதும். நீர் கொதித்து ஆறியதாக இருத்தல் இன்றியமையாதது. குளத்து நீரும் காய்ச்சாத குழாய் நீரும் மூளையைத் தாக்கும் அமீபாவைக் கொண்டிருக்கக்கூடும்.

பேரோசையில் காதடைப்பான் அணிக. காதில் பஞ்சு அடைத்துக் கொள்வது பெரும்பயன் தராது. ஆனால் அமைதியான வீட்டில் காதை அடைத்துக் கொள்ள வேண்டா. நிசப்தத்தில் இரைச்சல் ஓங்கும். இரவில் மின்விசிறியின் மெல்லோசை இருப்பது பலருக்கு ஆறுதல் தரும்.

தாமதியாமல் வைத்தியரை நாட வேண்டிய நிலைகள்

திடீரென ஒரு காதின் செவித்திறன் குறைந்தால், அதனைச் சளி என்று எண்ணிக் காத்திராமல் அன்றே செல்ல வேண்டும். நாட்கள் கடந்தால் மீட்பது அரிது. ஒரே காதில் மட்டும் இரைச்சல், நாடித் துடிப்புக்கு ஒத்து அடிக்கும் இரைச்சல், தலைச்சுற்றல், காதில் சீழ் ஆகியவற்றையும் புறக்கணித்தல் கூடாது. வார விடுமுறைக்குப் பின் வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் மார்பு இறுகினால், அது ஒவ்வாமையன்றிப் பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயாக இருக்கலாம்.

சங்கத்தின் கடமை

தனியொருவர் வாங்கத் தயங்கும் காதடைப்பானையும் கவசத்தையும் சங்கம் மொத்தமாக வாங்கி அடக்க விலைக்குக் கொடுக்கலாம். ஆண்டுக்கொரு முறை செவிச் சோதனைக்கு அரசு மருத்துவமனையை அணுகலாம். நூலுக்கும் விதைக்கும் ஒன்றுகூடிய நாம், உடல் நலத்திற்கும் ஒன்றுகூடுதல் இயல்பே. அறுந்த இழையைப் பிணைத்துத் தறியை ஓட்டலாம். போன செவியைப் பிணைக்க வழியில்லை. உள்ளதைக் காப்போமாக.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க வேண்டிய வினாக்கள்

1. மூக்கடைப்பு ஏற்படும்போது காதிரைச்சல் ஓங்கித் தோன்றுவது ஏன்?
2. தறியிலும் எந்திரத்திலும் உழைப்போர் பழைய வகை மாத்திரைகளைப் பகலில் விலக்க வேண்டியது எதனால்?
3. நம் வீடுகளில் உள்ள சளி மாத்திரைகளின் அட்டைகளைக் கொண்டு வந்து, ஒவ்வொன்றிலும் என்னென்ன மருந்துகள் கலந்துள்ளன என்று பட்டியல் எழுதுக.
4. நம் சங்க எல்லைக்குள் தூசியும் ஓசையும் மிகுந்த இடங்கள் எவை? அவற்றைக் குறைக்கச் சங்கம் முதலில் செய்யத்தக்கது யாது?