நடை சாத்துமுன் தில்லை: கடலூரிலிருந்து ஒரு நாள் கோயில் பயணம்

எகிப்தின் லக்சருக்குப் போகிறவர்கள் ஒரு காரையும் ஒரு வழிகாட்டியையும் ஒரு நாளுக்குப் பேசிக்கொண்டு, நைல் நதிக்குக் கிழக்கே கர்னாக் கோயிலையும் மேற்கே மன்னர்களின் கல்லறைப் பள்ளத்தாக்கையும் பார்த்து வருவார்கள். கடலூர் செம்மண்டலத்தில் வண்டி ஏறியும் அப்படியொரு நாளை அமைத்துக்கொள்ளலாம். ஆனால் கர்னாக்கில் பூசை நின்று நூற்றாண்டுகள் பல ஆகின்றன. தில்லை என்கிற சிதம்பரத்திலோ இன்றும் ஆறு கால பூசை. நண்பகலில் நடை சாத்தினால் மாலையில்தான் திறக்கும். இந்த நேரக் கணக்கை வைத்துத்தான் மற்றதெல்லாம்.

முதலில் வண்டி. நாள் வாடகையா, கிலோமீட்டர் கணக்கா, டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங் எல்லாம் சேர்த்தா என்பதை முந்தின நாளே பேசி முடித்துவிடுங்கள். போகும் ஊர்ப்பெயர்களை வரிசையாக எழுதிக் கொடுங்கள். வழியில் "அந்தக் கோயிலும் பக்கம்தான் சார்" என்று ஆரம்பித்தால் நாள் கலைந்துபோகும்.

அடுத்தது வழிகாட்டி. சுற்றுலாத் துறை அடையாள அட்டை உள்ளவரோ, வரலாறு படித்த உள்ளூர் ஆசிரியரோ கிடைத்தால் நல்லது. கூலியை முன்கூட்டியே பேசிவிடுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் எங்கே கொல்லப்பட்டான்?" தயங்காமல் "கடம்பூர் மாளிகையில்" என்பவர் 'பொன்னியின் செல்வன்' நாவலைப் படித்தவர். "கல்வெட்டில் இடம் சொல்லப்படவில்லை" என்பவரோடு தைரியமாக வண்டி ஏறலாம். கல்கியின் கதை எனக்கும் உயிர்தான். ஆனால் கல்லில் இருப்பது எது, கதையில் வருவது எது என்று பிரித்துச் சொல்கிறவரோடு நடக்கும்போதுதான் ஒரு பழைய சுவர் நம்மோடு பேசுகிறது.

காலை ஐந்தரைக்குக் கிளம்புங்கள். திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரரை விடியலிலேயே வணங்கிவிடலாம். கல்லோடு பிணைத்துக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் கரையேறிய தலம் இது. கரையேறவிட்டகுப்பம் என்று கடலூரில் ஒரு பகுதிக்குப் பெயரே இருக்கிறது. அரை மணிக்கு மேல் தங்க வேண்டாம். எட்டு மணிக்குள் சிதம்பரம் கீழ வீதியில் இறங்கிவிட வேண்டும்.

செருப்பை வண்டியிலேயே விட்டுவிடுங்கள். பதினொன்றுக்கெல்லாம் பிராகாரக் கல் கொதிக்கும். குழந்தைகளுக்கு ஒரு ஜோடி பருத்தி சாக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். நேரே சன்னதிக்கு ஓடாமல் கிழக்குக் கோபுர வாசலிலேயே நின்றுவிடுங்கள். உள்பக்கச் சுவர்களில் பரத சாஸ்திரம் சொல்லும் 108 கரணங்களும் சின்னச் சின்னக் கட்டங்களில் ஏறி நிற்கின்றன. அங்கே வெளிச்சம் குறைவு. டார்ச்சை நேராக அடித்தால் சிற்பம் தட்டையாகிவிடும். சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள்: இடுப்பின் வளைவும் மடங்கிய முழங்காலும் நிழலோடு எழுந்து வரும். முதல் கரணமான தலபுஷ்பபுடத்தைத் தேடிப் பிடியுங்கள். இரு கைகளையும் சேர்த்துக் குவித்து, பூ ஏந்துவதுபோல் இடப்பக்கம் தாங்கிய பெண். அவளைக் கண்டுகொண்டால் மற்றவர்களைப் பார்க்கக் கண் பழகிவிடும். இங்கே ஒரு மணி நேரம் போனாலும் கவலைப்படாதீர்கள்.

பத்து மணியை ஒட்டிச் சிற்றம்பலத்தின் முன் இருங்கள். ஸ்படிக லிங்கத்துக்கு அபிஷேகம் ஆனதும் ரத்தினசபாபதிக்குத் தீபாராதனை நடக்கும். முன்னால் காட்டிய தீபத்தைப் பின்னால் கொண்டுபோய்க் காட்டும்போது மாணிக்கத் திருமேனி உள்ளிருந்து சிவந்து ஒளிரும். அன்றைய நேரத்தை உள்ளே நுழைந்ததுமே தீட்சிதரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கனகசபை ஏறும் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். சன்னதியில் படம் எடுக்கக் கூடாது. எதிரே தெற்கில் இருக்கும் நிருத்த சபையைத் தவறவிடாதீர்கள்: சக்கரமும் குதிரைகளுமாகக் கல்லில் செய்த தேர். மாலையில் பார்க்கப்போகும் இன்னொரு கல் தேருக்கு இதை நினைவில் வைத்திருங்கள்.

நடை சாத்தியதும் சாப்பாடு. சிதம்பரம் வந்துவிட்டுக் கத்தரிக்காய் கொத்சு சாப்பிடாமல் திரும்பக் கூடாது. கோயில் பிரசாதமாகச் சம்பா சாதத்தோடு கிடைத்தால் அதைவிட வேறென்ன வேண்டும்?

மதியத்தில் வேறு கோயிலுக்கு விரையாதீர்கள். ஒருமுறை ஒரு சிற்றூர்க் கோயிலுக்கு ஒன்றரை மணிக்குப் போய், பூட்டிய கதவின் இடுக்கு வழியே பார்த்துவிட்டுத் திரும்பியவன் நான். அந்த நேரத்தை வீராணம் ஏரிக்கரைக்குக் கொடுங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்து ஏரி. வீரநாராயணன் என்ற அவன் பட்டப்பெயர்தான் வீராணமாயிற்று. 'பொன்னியின் செல்வன்' நாவலில் ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் குதிரையில் வருவது இந்தக் கரைமேல்தான்; அது கதை. 47.50 அடி என்ற முழு நீர்மட்டம் வரை தண்ணீர் தேக்கி, இன்று சென்னைக்கும் குழாயில் அனுப்புகிறோம், அது நிஜம்.

நான்கு மணிக்கு மேலக்கடம்பூர். இப்படிப்பட்ட ஊர்க் கோயில்களுக்கு வருவதை முன்னாலேயே குருக்களுக்குச் சொல்லிவைப்பது நல்லது. முதலாம் குலோத்துங்கன் காலக் கற்றளியான அமிர்தகடேசுவரர் கோயில் தேர் வடிவிலேயே அமைந்தது. அதிட்டானத்தில் சக்கரங்கள், இழுத்துப் பாயும் குதிரைகள். குனிந்து பாருங்கள், அடித்தளத்தில் விரல் நீளச் சிற்பங்களாகக் கதைகள் ஓடுகின்றன. பிரதோஷ நாளில் போனால், ரிஷபத்தின் மேல் பத்துக் கரங்களோடு ஆடும் செப்புத் திருமேனியையும் தரிசிக்கலாம். வங்காளத்துப் பால மரபில் வார்த்தது அது.

வெளிச்சம் இருக்கும்போதே காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடிக்கு வந்துவிடுங்கள். அனந்தீசுவரர் கருவறைப் புறச்சுவரில் இருக்கிறது அந்தக் கல்வெட்டு: ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டு. அவன் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளான சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரின் நிலங்களையும் அவர்கள் உறவினரின் நிலங்களையும் பறித்து விற்க ஊர்ச்சபைக்கு இட்ட ஆணை. சாய்ந்த வெயிலில் எழுத்து நன்றாகத் தெரியும். தெளிவாகப் படிக்க மாவோ சுண்ணாம்போ பூசிவிடாதீர்கள். கல் கெடும்.

கங்கைகொண்ட சோழபுரத்தையும் இதே நாளில் சேர்க்கலாமே என்பார்கள். வேண்டாம். இருட்டும் நேரத்தில் போய்ப் பார்க்கிற கோயில் அல்ல அது. தனியாக ஒரு காலையை ஒதுக்குங்கள். லக்சரில் இருப்பதுபோல் அரசர் கல்லறை இங்கே உண்டா என்று கேட்டால், நம்மிடம் இருப்பது பள்ளிப்படை: மறைந்தவர் நினைவாக எழுப்பிய சிவன் கோயில். கும்பகோணத்தை அடுத்த பட்டீஸ்வரத்தில், ராஜராஜனின் தேவியான பஞ்சவன்மாதேவிக்கு ராஜேந்திரன் எழுப்பியது இருக்கிறது. அதை கங்கைகொண்ட சோழபுர நாளோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழியில் சிதம்பரத்தில் ஒன்பதரைக்குள் மறுபடி இறங்குங்கள். அர்த்தசாமத்தில் சிவனின் பாதுகையைப் பல்லக்கில் பள்ளியறைக்கு எடுத்துப்போவார்கள். பகல் கூட்டம் கலைந்திருக்கும். கல்லும் அதற்குள் குளிர்ந்துபோயிருக்கும்.